கேம் வாங்குவது: புதுசா, பாவித்ததா?

அக்காவின் மகன் ஓ.எல். சோதனை முடிந்த கையோடு என்னிடம் வந்து கேட்டான்: "மாமா, கேம் புதுசா வாங்கிறது நல்லதோ, பாவிச்சது வாங்கிறது நல்லதோ?" லண்டனில் இருக்கும் பெரியப்பா அவனுக்கு ஒரு பிஎஸ்5 (சோனியின் பிளேஸ்டேஷன் 5, டிவியில் பூட்டிக் கேம் விளையாடும் கொன்சோல்) வாங்கி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். கொன்சோல் வந்துவிடும், சரி. அதில் போட்டு விளையாடும் கேம்களை இவன்தான் இங்கே வாங்க வேண்டும். செலவு அங்கேதான் தொடங்குகிறது.

"பெரியப்பா வாங்கப்போறது டிஸ்க் போடுற பிஎஸ்5ஓ, டிஸ்க் போடாததோ?" என்று திருப்பிக் கேட்டேன். அப்படி இரண்டு வகை இருப்பதே அவனுக்குத் தெரியாது. பலருக்கும் தெரியாது. பிள்ளைக்குப் பரிசாகக் கொன்சோல் வாங்கவரும் பெற்றோர் "எது விலை குறைவு?" என்று மட்டும் கேட்டு, டிஸ்க் போடாததை வாங்கிப் போவதை நான் கடைகளில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மிஞ்சும் காசு நாலைந்து கேம் வாங்குவதற்குள் போய்விடும். ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன். கேம் விளையாடிப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன்.

பொருளும் அனுமதியும்

கொழும்பில் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாகப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஏ.எல். படித்து முடித்த ஒருவர் தன் புத்தகங்களை அங்கே கொடுப்பார். அடுத்த வருஷம் படிக்கப்போகிறவர் அரை விலைக்கு வாங்கிப் போவார். அதை யாரும் தவறென்று சொல்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் என்னுடையது, அதை விற்கிற உரிமையும் என்னுடையது என்பது நமக்குச் சாதாரண விஷயம்.

அமெரிக்காவில் இது வழக்குமன்றம் வரை போன விஷயம். ஒரு பதிப்பகம் தன் நாவலின் உள்ளே "1 டொலருக்குக் குறைத்து விற்கக் கூடாது" என்று அச்சடித்து வைத்தது. நியூயோர்க்கின் மேஸிஸ் கடை அதை 89 சதத்துக்கு விற்றது. பதிப்பகம் வழக்குப் போட்டது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றுவிட்டால், அதன் பிறகு அந்தப் பிரதி எந்த விலைக்குக் கைமாறுகிறது என்பதில் பதிப்பகத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கே பாவித்த புத்தகம், பாவித்த இசைத்தட்டு, பாவித்த கேம் எல்லாம் விற்கப்படுவது இந்த அடிப்படையில்தான்.

டிஸ்க்கில் வரும் கேமும் இப்படி ஒரு பொருள். கையில் எடுக்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் இரண்டுக்கும் டிஸ்க். நின்டெண்டோ சுவிட்ச்சுக்குத் தபால் முத்திரை அளவில் ஒரு சின்னக் கார்ட்ரிட்ஜ். (வீட்டில் குழந்தை இருக்கலாம் அல்லவா. வாயில் போட்டால் உடனே துப்பிவிடட்டும் என்றே அந்தக் கார்ட்ரிட்ஜில் தாங்க முடியாத கசப்புள்ள ஒரு பூச்சுப் பூசியிருக்கிறார்கள்.)

டவுன்லோட் செய்து வாங்கும் கேம் வேறு. அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது விளையாடுவதற்கான அனுமதியை. அந்த அனுமதி உங்கள் இணையக் கணக்கோடு ஒட்டியிருக்கும். அதைப் பிய்த்து இன்னொருவருக்குக் கொடுக்க வழியில்லை. கலிபோர்னியா மாநிலம் இதற்காக ஒரு சட்டமே கொண்டுவந்து, 2025 ஜனவரியிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது: இப்படி விற்கும் இணையக் கடைகள், நீங்கள் பெறுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். "வாங்கு" என்ற பொத்தானை அழுத்தும் எல்லோரும் பொருள் வாங்குவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதால்தான் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது.

கேம் கம்பனிகளுக்கு இந்தப் பாவித்த சந்தை எப்போதுமே பிடிக்காது. ஒரே டிஸ்க் நாலு கை மாறினால் அவர்களுக்கு முதல் விற்பனைக்கு மட்டும்தான் காசு. 2010இல் ஈஏ கம்பனி ஒரு வழி கண்டுபிடித்தது. புதுப் பெட்டிக்குள் ஒரு இரகசிய எண் இருக்கும். அதை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பாவித்த டிஸ்க் வாங்கியவர் இணையத்தில் மற்றவர்களோடு விளையாட வேண்டுமென்றால் தனியாக 10 டொலர் கட்ட வேண்டும். எதிர்ப்பு வலுக்க, 2013இல் அதைக் கைவிட்டார்கள்.

அதே 2013இல்தான் பெரிய சண்டை வந்தது. மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்பொக்ஸ் ஒன் கொன்சோலை அறிவித்தபோது, அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது இணையத்தோடு தொடர்புகொள்ள வேண்டும், டிஸ்க்கை விற்பதற்கும் இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு என்று சொன்னது. ஜூன் மாதம் நடந்த ஈ3 என்ற கேம் கண்காட்சியில் சோனி அதற்குக் கொடுத்த பதில் அரை நிமிடம்கூட ஓடாத ஒரு வீடியோ. பிஎஸ்4 கேமை நண்பரோடு பகிர்வது எப்படி என்று தலைப்பு. சோனியின் ஷுஹேய் யொஷிடா பக்கத்தில் நிற்பவரிடம் கேம் பெட்டியைக் கொடுக்கிறார், அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் வீடியோ. ஜூன் 19ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் தன் திட்டத்தை மொத்தமாகத் திரும்பப் பெற்றது. இன்றைக்கு நாம் பம்பலப்பிட்டியில் பாவித்த டிஸ்க் வாங்க முடிவதற்கு அந்த மாதம் உலகெங்கும் எழுந்த கூச்சலும் ஒரு காரணம். எனக்கு அதில் இன்னும் மனநிறைவு உண்டு.

கையை விட்டுப் போகும் காசு

சரி, இனிக் கணக்குக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இந்தக் கணக்குத்தான்.

ஒரு கேமின் செலவு என்பது அதை வாங்கிய விலை அல்ல. வாங்கிய விலையிலிருந்து, விளையாடி முடித்து விற்கும்போது திரும்பிவரும் காசைக் கழித்தால் வருவதே உண்மையான செலவு. அதற்கு "கையை விட்டுப் போகும் காசு" என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பெரிய கம்பனிகளின் புது கேம் இப்போது வெளிநாட்டில் பெரும்பாலும் 70 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. இங்கே கடைக்கு வந்துசேரும்போது கப்பல் செலவு, வரி, கடையின் இலாபம் எல்லாம் அதன்மேல் ஏறும். கணக்கு இலகுவாக இருப்பதற்கு 21,000 என்றே எடுப்போம். கீழே வரும் மற்ற விலைகளும் விளக்கத்துக்காக நான் போட்டவைதான். கடைக்குக் கடை, கேமுக்குக் கேம் மாறும்.

வந்த புதிதிலேயே டிஸ்க்கை 21,000க்கு வாங்குகிறீர்கள். ஒரு மாதத்தில் கதையை முடித்துவிட்டு, சூடு ஆறும் முன் 15,000க்கு விற்கிறீர்கள். கையை விட்டுப் போனது 6,000.

இன்னொருவர் நாலைந்து மாதம் பொறுத்து, அதையே பாவித்ததாக 13,000க்கு வாங்குகிறார். இரண்டு மாதம் ஆறுதலாக விளையாடி 11,000க்கு விற்கிறார். போனது 2,000.

மூன்றாமவர் டவுன்லோடாக 21,000 கொடுக்கிறார். போனது முழு 21,000. நாலாமவர் கெட்டிக்காரர், அரை விலைக் கழிவு வரும்வரை காத்திருந்து 10,500க்கு டவுன்லோட் செய்கிறார். அவருக்கும் போனது முழு 10,500.

நன்றாகப் பாருங்கள். புது டிஸ்க்கை முழு விலை கொடுத்து வாங்கி விற்றவருக்கு, அரை விலைக்கு டவுன்லோட் செய்தவரைவிடச் செலவு குறைவு. புதுசா பாவித்ததா என்ற கேள்வியைவிட, திருப்பி விற்கக் கூடியதா இல்லையா என்ற கேள்விதான் உங்கள் பையைக் கூடுதலாகப் பாதிக்கிறது. கொன்சோலில் டிஸ்க் போடும் வாய் இல்லையென்றால் முதல் இரண்டு வழிகளும் அன்றைக்கே மூடிவிடும்.

இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான், ஆனால் கொழும்பில் அது கூடுதலாக உறைக்கும். 21,000 ரூபா என்பது பல வீடுகளில் ஒரு மாதச் சாமான் செலவில் பெரும்பங்கு. அதோடு நம் ரூபா நிற்கும் இடம் நிலையானதல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதம் 360 வரை போனதை நாம் எல்லோரும் கண்டோம். 70 டொலர் கேம் 14,000இலிருந்து 25,000ஐத் தாண்டியது. டவுன்லோட் செய்பவருக்கு அந்த அடி அன்றைக்கே விழும். அலுமாரியில் டிஸ்க் வைத்திருந்தவருக்கு நிலைமை வேறு. புதியதன் விலை ஏறினால் பாவித்ததற்கும் கேள்வி கூடும், அதன் விலையும் பின்னாலேயே ஏறும்.

விற்கவே வேண்டியதில்லை, மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மூன்று பொடியன்கள் ஆளுக்கொரு கேம் வாங்கி, ஒருவர் முடித்ததும் அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள். மூன்று கேம் விளையாட ஒரு கேமின் காசு. டவுன்லோடில் இந்தப் பழக்கத்துக்கு இடமில்லை.

பொறுத்தவர் விளையாடுவது நல்ல கேமை

முதல் நாளே வாங்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வரும். ஆனால் இப்போதெல்லாம் கேம்கள் வெளியாகும் நாளில் முழுமையாக இருப்பது குறைவு. 2020 டிசம்பர் 10ஆம் திகதி வந்த சைபர்பங்க் 2077ஐ எடுங்கள். பிஎஸ்4இல் அது ஓடிய இலட்சணத்தைப் பார்த்து, ஒரு வாரம் கழித்து சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பச் சேர்த்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது வேறு கேம் மாதிரி ஆனது. முதல் நாள் முழு விலை கொடுத்தவர் உடைந்த கேமை விளையாடினார். மூன்று வருஷம் கழித்துப் பாவித்த பிஎஸ்5 டிஸ்க் வாங்கியவர், குறைந்த விலையில் திருத்தி முடித்த கேமை விளையாடினார்.

ஆனால் எல்லாக் கேமின் விலையும் ஒரே மாதிரி இறங்காது. உதைபந்தாட்டக் கேம்கள் வருஷாவருஷம் செப்டம்பர் வாக்கில் புதிதாக வரும். புதியது வந்ததும் பழையதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், விலை ஒரேயடியாக விழும். அவற்றை விற்பதென்றால் ஆகஸ்ட் வரை வைத்திருக்கக் கூடாது. நின்டெண்டோ சொந்தமாகச் செய்யும் கேம்கள் இதற்கு நேர் எதிர். மரியோ கேம் ஐந்து வருஷம் கழித்தும் கிட்டத்தட்ட அதே விலையில் நிற்கும். பாவித்ததற்கும் புதியதற்கும் இடையில் கொஞ்சம்தான் வித்தியாசம் இருக்கும். ஆகவே மரியோவைப் புதிதாக வாங்கினாலும் நட்டமில்லை, பெட்டியைப் பழுதாக்காமல் வைத்திருந்தால் போட்ட காசில் பெரும்பங்கு திரும்பும்.

எப்போது புதிதாக வாங்குவேன்

நான் பாவித்த டிஸ்க் பக்கம் சாய்கிறவன் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். ஆனாலும் சில கேம்களை மனதாரப் புதிதாகவே வாங்குகிறேன்.

முதலாவது, சின்னக் குழுக்கள் செய்யும் கேம்கள். ஸ்டார்டியூ வெலி என்ற விவசாயக் கேமை எரிக் பரோன் என்ற ஒரே மனிதர், படங்களும் இசையும் கதையும் நிரலும் எல்லாம் தானே செய்து, 2016இல் வெளியிட்டார். விலை 15 டொலர். பாவித்தது வாங்கினால் அதைச் செய்தவருக்கு ஒரு சதமும் போகாது. பெரிய கம்பனி விஷயத்தில் இது என் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. தனி மனிதர் ஒருவர் வருஷக்கணக்காக இருந்து செய்த வேலைக்கு நேரே காசு கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. விலையும் தாங்கக் கூடியதுதான்.

இரண்டாவது, வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்ப விளையாடப் போகும் கேம். விற்கும் எண்ணமே இல்லாதபோது விற்கும் விலையைப் பற்றி யோசித்துப் பயனில்லை. கழிவு வரும்போது டவுன்லோட் செய்துவிடலாம். டிஸ்க் மாற்ற எழும்ப வேண்டியதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. முழுக்க இணையத்தில் மட்டுமே ஓடும் கேம் என்றால் டிஸ்க்கும் உங்களைக் காப்பாற்றாது. யூபிசொஃப்டின் த க்ரூ என்ற கார் ஓட்டும் கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31ஆம் திகதியோடு நிறுத்தினார்கள். தனியாக விளையாடுவதற்குக்கூட அந்தச் சேர்வர் வேண்டும். அன்றிலிருந்து அந்த டிஸ்க் வெறும் வட்டத் தகடு. இணையம் இல்லாமல் இந்தக் கேம் ஓடுமா என்பதை வாங்கும் முன் கட்டாயம் கேளுங்கள்.

கணினியில் விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையின் பாதி பொருந்தாது. அங்கே பாவித்த கேம் என்று ஒன்று இல்லை, எல்லாம் ஸ்டீம் மாதிரி இணையக் கடைகளில் கணக்கோடு ஒட்டிய அனுமதிதான். அதற்கு ஈடாக அங்கே கழிவுகள் பெரிது. ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும் பெரிய மலிவு விற்பனைக்குக் காத்திருங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். எபிக் கடை 2018 டிசம்பரிலிருந்து இலவசமாகவும் கேம்கள் கொடுத்து வருகிறது.

டிஸ்க்கைக் கையில் எடுத்துப் பார்ப்பது

பாவித்தது வாங்குவதென்று முடிவெடுத்தால், பார்த்து வாங்கத் தெரிய வேண்டும். நான் இதை ஒரு இழப்புக்குப் பிறகுதான் கற்றேன். இணைய விளம்பரத்தில் கண்ட ஒரு டிஸ்க்கை, காலி வீதியில் ஒரு பஸ் தரிப்பிடத்தில் மாலை மங்கும் நேரத்தில் வாங்கினேன். பெட்டி புத்தம் புதிதுபோல இருந்தது. அடிப்பக்கமும் மினுங்கியது. வீட்டுக்கு வந்து போட்டால், பாதிக்கு மேல் ஏறி அப்படியே நின்றுவிட்டது. வெளியே எடுத்து மேசை விளக்கின் கீழ் பிடித்தேன். நடுத்துளையைச் சுற்றியிருக்கும் கண்ணாடி போன்ற வளையத்தில் தலைமயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு, அங்கிருந்து வெளிப்பக்கம் ஓடியிருந்தது. பெட்டியிலிருந்து டிஸ்க்கை நடுவில் அமுக்காமல் இழுத்து எடுத்தால் அப்படித்தான் வெடிக்கும். விற்றவரின் தொலைபேசி அன்றிரவே ஓய்ந்துவிட்டது.

அதிலிருந்து நான் செய்வது இதுதான். பகல் வெளிச்சத்தில், முடிந்தால் யன்னல் அல்லது வாசல் பக்கம் போய், டிஸ்க்கை ஓரத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். முதலில் நடு வளையம். பிறகு கீறல். நடுவிலிருந்து விளிம்புக்கு நேரே ஓடும் சின்னக் கீறல்கள் பெரிதாகத் தொல்லை தருவதில்லை, ஏனென்றால் படிக்கும் ஒளிக்கற்றை அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். வட்டமாக, டிஸ்க் சுற்றும் திசையிலேயே ஓடும் கீறல்தான் ஆபத்து. ஒளிக்கற்றை அதற்குள்ளேயே நெடுந்தூரம் போக வேண்டி வரும்.

"கீறல் இருந்தா பொலிஷ் பண்ணித் தாறன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய டிவிடியில் தகவல் இருக்கும் படை மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீற்றர் உள்ளே இருந்தது. மேலே கொஞ்சம் தேய்த்து எடுக்க இடமிருந்தது. பிஎஸ்4, பிஎஸ்5 பயன்படுத்தும் புளூரே வகை டிஸ்க்கில் அந்த ஆழம் வெறும் 0.1 மில்லிமீற்றர். அதற்காகவே மேலே கடினமான ஒரு பூச்சுப் போட்டிருக்கிறார்கள், இலகுவில் கீறாது. ஆனால் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறிவிட்டால் தேய்த்துச் சரிசெய்ய அங்கே இடமில்லை. விரல் அடையாளம், தூசு என்றால் கண்ணாடி துடைக்கும் மென்துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேரே துடைக்கலாம்.

கடையில் வாங்கினால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். யூனிட்டி பிளாசாவோ லிபர்ட்டி பிளாசாவோ எங்கே வாங்கினாலும் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது. "அண்ணா, ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ" என்றால் நல்ல கடைக்காரர் முகம் சுளிக்கமாட்டார். முழுவதும் ஏற நேரமில்லையென்றால், ஏறாவிட்டால் மாற்றித் தருவேன் என்று பில்லில் திகதியோடு எழுதி வாங்குங்கள். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டும் டிஸ்க்கில் உள்ளதை உள் நினைவகத்துக்கு ஏற்றிவிட்டுத்தான் ஓடும், அதன் பிறகு டிஸ்க் இருக்கிறதா என்று சரிபார்க்க மட்டுமே தேவை. எனவே ஒருமுறை முழுதாக ஏறிவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை.

டிஸ்க் இருந்தால் டவுன்லோடே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்டேட்டுகள் பல ஜிபி வரும். 2022இல் வந்த கோல் ஒஃப் டியூட்டி மொடர்ன் வோர்ஃபெயார் 2இன் பிஎஸ்5 டிஸ்க்கில் 100 எம்பிகூட இருக்கவில்லை, மீதி எல்லாம் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2க்கும் சில கேம்கள் திறப்புமட்டும் உள்ள கார்ட்ரிட்ஜாக வருகின்றன. கேம் அதற்குள் இல்லை, இறக்கிக்கொள்ள வேண்டும், ஆனால் அந்தக் கார்ட்ரிட்ஜை விற்கலாம். மாத அளவு வைத்த இணையப் பக்கேஜ் உள்ள வீடுகளில் இதை முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

பெட்டிக்குள் எண் அச்சடித்த தாள் இருந்தால் அதற்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், முதல் ஆள் அதைப் பயன்படுத்தியிருப்பார். அப்புறம் பிராந்திய விஷயம். பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கியதானாலும் எந்தக் கொன்சோலிலும் ஓடும். ஆனால் அந்தக் கேமுக்குப் பிறகு வாங்கும் மேலதிகப் பகுதிகள் டிஸ்க்கின் பிராந்தியத்தோடு உங்கள் கணக்கின் பிராந்தியமும் பொருந்தினால்தான் சேரும். சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், இங்கே எல்லோரும் வேறு நாட்டுக் கணக்குத்தான் வைத்திருக்கிறார்கள். லண்டனில் இருந்து வந்த டிஸ்க், அமெரிக்கக் கணக்கு என்றால் மேலதிகப் பகுதி சேராது. மேலதிகப் பகுதி வாங்கும் எண்ணம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

இரண்டு பொறிகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இணைய விளம்பரங்களில் "புது கேம் 3,000 ரூபா" என்று வருவதில் பல, கேம் விற்பதல்ல. ஒரே கணக்கில் கேமை வாங்கி, அதன் கடவுச்சொல்லைப் பல பேருக்கு விற்கிறார்கள். கணக்கின் சொந்தக்காரர் கடவுச்சொல்லை மாற்றினாலோ, கம்பனி கணக்கைப் பூட்டினாலோ உங்கள் காசு போய்விடும். அதைத் திருப்பி விற்கவும் முடியாது. மற்றது, பூட்டு உடைத்த கொன்சோல். ஹார்ட்டிஸ்க் நிறைய நூறு கேம் போட்டுத் தருவார்கள். அவை திருட்டுப் பிரதிகள், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம். அதோடு அந்தக் கொன்சோலை அப்டேட் செய்தால் அந்தப் பூட்டுடைப்பு வேலைசெய்யாமல் போகும், செய்யாவிட்டால் புது டிஸ்க்குகள் பல ஓடாது. பாவித்த டிஸ்க் என்பது ஒருவர் நேர்மையாக வாங்கி, நேர்மையாக விற்கும் பொருள். இதையும் அதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். அன்றிரவே லண்டனுக்கு அழைத்தோம். பெரியப்பா பார்த்து வைத்திருந்தது டிஸ்க் போடாத வகை. 2023இல் வந்த மெலிந்த பிஎஸ்5 என்றால் டிஸ்க் போடும் பகுதியைப் பிறகு தனியாக வாங்கிப் பூட்டலாம், முதல்முறை பூட்டும்போது இணையம் வேண்டும். 2024இல் வந்த பிஎஸ்5 புரோவும் அப்படித்தான். 2020இல் வந்த பழைய டிஜிட்டல் பதிப்புக்கு அந்த வழியே இல்லை. இதைச் சொன்னதும் பெரியப்பா, "வித்தியாசம் பெரிசில்லை, டிஸ்க் உள்ளதையே எடுக்கிறன்" என்றார்.

கொன்சோல் வந்த கிழமை, இரண்டு பேரும் 100ஆம் இலக்க பஸ் பிடித்துப் பம்பலப்பிட்டிக்குப் போனோம். பிஎஸ்5இல் பிஎஸ்4 டிஸ்க்கும் ஓடும் என்பதால் பழைய பிஎஸ்4 அடுக்கையே முதலில் கிளறினோம். விலை அங்கேதான் குறைவு. அவன் ஒன்றை எடுத்து, நடுவில் அமுக்கி, ஓரத்தில் பிடித்து, கடை வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் சாய்த்தான். "மாமா, இதில வட்டமா ஒரு கீறல் கிடக்கு" என்று திருப்பி வைத்தான். அடுத்ததை எடுத்தான். அது சுத்தமாக இருந்தது. கடைக்காரர் போட்டுக் காட்டினார், 6,500 சொன்னதை 6,000க்குத் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தொலைபேசியில் ஒரு குறிப்பு எழுதி வைத்தான்: கேமின் பெயர், வாங்கிய திகதி, 6,000. அதற்குப் பக்கத்தில் விற்கும் விலைக்கு ஒரு இடம் விட்டிருந்தான்.